இடுப்பில் இருப்பதையும் சொல்லிவிடுங்கள்

மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் காலங்காலமாகக் கூறிவரும் அறிவுரை. ஆயினும், எங்கள் முன் வந்து அமர்வோரில் பலர் சிலவற்றை மறைக்கவே செய்கின்றனர். நாட்டு மருந்து உண்டதைச் சொல்லத் தயங்குவர். அருந்தும் மதுவின் அளவைக் குறைத்துக் கூறுவர். சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டதை நாங்கள் கேட்டாலன்றிச் சொல்ல மாட்டார்கள். இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், இவற்றினும் அரிதாகவே எங்களிடம் சொல்லப்படுவது. உடலோடு மறைத்து மருத்துவமனைக்குள் கொண்டுவரப்படும் துப்பாக்கியும் பிற ஆயுதங்களுமே அது.

"துப்பாக்கியா? அதெல்லாம் வெளிநாட்டுச் செய்தி. ராஜபாளையத்தில் இருக்கும் எங்களுக்கு அது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் பகுதியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், 2021-ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்திருப்போர் நம்மிடையே உள்ளனர். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பதற்கான துப்பாக்கி உரிமம் நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதிதன்று. பணம் கொண்டுசெல்லும் வாகனத்தின் காவலர், தற்காப்புக்கென உரிமம் பெற்ற வணிகர், சாதாரண உடையில் இருக்கும் காவல்துறையினர் ஆகியோருக்கும் நெஞ்சு வலி வரும். அவர்தம் தாயாருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். தோப்பு வேலையின் நடுவே ஓடிவரும் விவசாயியின் இடுப்பிலோ பையிலோ அரிவாள் இருப்பது நம் ஊரில் வியப்புக்குரியதன்று. இவர்களில் எவரையும் நாங்கள் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்வதே எங்கள் நோக்கம்.

தாயாருக்குத் துணையாக வந்த மகன்

2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் நிகழ்ந்தது இது. நாற்பது வயதான வழக்கறிஞர் ஒருவர் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்காகத் தம் தாயாரை அழைத்துச் சென்றார். உலோகப் பொருள்கள் அனைத்தையும் வெளியே வைத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் கூறியதாகவும், அதற்கான படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டதாகவும் பரிசோதனை மையம் தெரிவித்தது. அவருடைய இடுப்பில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அறைக்குள் நுழைந்ததும் காந்தம் துப்பாக்கியை இழுத்தது; துப்பாக்கி வெடித்தது; தோட்டா அவர் வயிற்றில் பாய்ந்தது. மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் அவர் உயிரிழந்தார். தாயாருக்குத் துணையாகச் சென்ற மகனுக்கு, ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதால் நேர்ந்த முடிவு இது.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 57 வயதுப் பெண்மணி ஒருவர் தம் ஆடைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்தபடியே எம்.ஆர்.ஐ. மேடையில் படுத்தார். ஆயுதம் உள்ளதா என்று முன்னரே கேட்கப்பட்டபோது, இல்லை என்றே அவர் விடை அளித்திருந்தார். துப்பாக்கி வெடித்து அவருடைய புட்டத்தில் காயம் ஏற்பட்டது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார்.

நம் நாட்டிலும் இது நடந்துள்ளது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லக்னோ நகரில், ராம் மனோகர் லோகியா மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குப் பரிசோதனைக்காக வந்த மாநில அமைச்சர் ஒருவரின் மெய்க்காப்பாளர், கைத்துப்பாக்கியுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்துவிட்டார். துப்பாக்கி பறந்துபோய் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டது. எவருக்கும் காயமில்லை, ஆனால் இயந்திரம் செயலிழந்தது. தத்தம் முறைக்காகக் காத்திருந்த எளிய நோயாளிகளே அந்த இழப்பைச் சுமந்தனர்.

துப்பாக்கி மட்டுமே இவ்வாறு இழுக்கப்படும் என்று எண்ண வேண்டா. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினரைக் காண வந்த 32 வயது இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் உருளையுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்றபோது, உருளையோடு சேர்த்து இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இடுப்பு அரிவாளும் இரும்புதான்; சாவிக் கொத்தும் இரும்புதான்.

காந்தம் உறங்குவதில்லை

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் உள்ளே இருப்பது மிகப் பெரிய காந்தம். மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேல் வலிமையுடையது. மக்களிடையே நிலவும் பெரும் தவறான எண்ணம் ஒன்றுண்டு: 'படம் எடுக்கும்போதுதானே காந்தம் வேலை செய்யும், இப்போது சத்தம் இல்லையே, உள்ளே போகலாம்' என்பதே அது. அந்தச் சத்தம் படம் எடுக்கும் சுருள்களுடையது. சத்தம் நின்றாலும் காந்தம் நிற்பதில்லை. இரவிலும், விடுமுறை நாளிலும், அறையில் எவரும் இல்லாத வேளையிலும் அது விழித்தே இருக்கும்.

அதன் இழுவிசை சீராகக் கூடுவதன்று. வாசலில் நிற்கும்போது ஒன்றும் தோன்றாது. ஓரிரு அடி முன்னே வைத்ததும், கையால் பிடித்து நிறுத்த முடியாத அளவுக்கு அது ஓங்கிவிடும். 'இழுத்தால் பிடித்துக்கொள்ளலாம்' என்று எண்ணுவதற்கு அங்கே இடமில்லை.

'பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டால் துப்பாக்கி வெடிக்காதே' என்று துப்பாக்கி பற்றி அறிந்தோர் கூறலாம். 2000-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் பணியில் இல்லாத காவல் அலுவலர் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில் அவருக்கும் ஊழியருக்கும் இடையே சிறு தவறான புரிதல் நேர்ந்தது. அவர் அதனை அறைக்குள் எடுத்துச் சென்றுவிட்டார். கையிலிருந்து பறந்த துப்பாக்கி, பாதுகாப்புப் பூட்டு போட்டிருந்த நிலையிலேயே வெடித்தது. தோட்டா சுவரில் பாய்ந்தது. உள்ளிருக்கும் எஃகு உறுப்புகளைக் காந்தப்புலம் அசைக்க வல்லது. மோதும் வேகமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. எனவே விசையை எவரும் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக்கூடும்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் இத்தகைய காந்தம் இல்லை. ஆனால் 'சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா' என்று நோயாளியோ உடனிருப்போரோ பிரித்தறிய வேண்டிய தேவையில்லை. எந்த ஸ்கேனாயினும் ஆயுதத்தோடு போகாதிருப்பதே எளிய விதி. இங்கிருந்து வேறு ஊருக்குப் பரிசோதனைக்காக அனுப்பப்படும்போதும் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

தன் உடல் தன் வசம் இல்லாத வேளை

ஸ்கேன் எடுக்காதவருக்கு ஆயுதத்தால் ஆபத்தில்லையா எனில், உண்டு. பொது மருத்துவர்களாகிய எங்களைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது இதுவே.

ஆயுதம் வைத்திருப்பவர் தன் உடலையும் அறிவையும் தன் வசத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதே உரிமத்தின் அடிப்படை. அதனால்தான் உரிமம் கோருவோரிடம் உடல்நலம், மனநலம் குறித்த மருத்துவச் சான்றினை விதிகள் கேட்கின்றன. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வோர் அதனை உறையிலிட்டு, முழுவதும் மூடி, தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஆக, சாலையில் மூடி வைத்திருப்பது முறையே. ஆனால், கட்டுப்பாடு என்ற அந்தச் சொல்லைச் சிந்தியுங்கள். மருத்துவமனை என்பது, மனிதர் தம் உடலின் கட்டுப்பாட்டைச் சிறிது நேரத்துக்கேனும் பிறர் கையில் ஒப்படைக்க வரும் இடம். உறைக்குள் துப்பாக்கி இருக்கலாம். உறையைக் கட்டியிருப்பவர் தம் நினைவோடு இருப்பார் என்பதற்கு இங்கே உறுதி இல்லை.

சில நிலைகளை எண்ணிப் பாருங்கள்.

நள்ளிரவில் நெஞ்சு வலியுடன் ஒருவர் கொண்டுவரப்படுகிறார். வந்ததும் நினைவிழக்கிறார். இதயத் துடிப்பை மீட்க, செவிலியர் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேட்டியைத் தளர்த்துகிறார். ஒவ்வொரு நொடியும் உயிருக்கு விலையான அந்த வேளையில், தோட்டா நிரம்பிய துப்பாக்கி ஒன்று தரையில் விழுமாயின், சிகிச்சை அக்கணமே தடைபடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவருக்கு இரத்தச் சர்க்கரை 54 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது, மூளை சோர்ந்து, எதிரில் நிற்பவர் யார் என்பதே மயங்கும். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவரும் அப்போது கை ஓங்கலாம். பின்னர் அவருக்கு அது நினைவிருக்காது.

நாள்தோறும் மது அருந்தியவர், காலில் எலும்பு முறிந்தோ காய்ச்சலாலோ அனுமதிக்கப்படுகிறார். மது திடீரென நின்றுவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கைநடுக்கம், வியர்வை, பிதற்றல் ஆகியவை தோன்றும். இல்லாத பாம்பும் வராத பகைவனும் அவர் கண்ணுக்குத் தெரிவார்கள். தலையணைக்கு அடியில் கத்தியோ பையில் துப்பாக்கியோ இருந்தால், அதனை அவர் தற்காப்பு என்று எண்ணியே எடுப்பார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பமும் இவ்வகையினதே. உள்நோக்கிப் பரிசோதனைக்காக மயக்க ஊசி போட்டவர், விழித்தெழுந்து தெளிவாகப் பேசினாலும், 24 மணி நேரத்துக்கு வாகனம் ஓட்டக் கூடாது, முக்கிய ஆவணத்தில் கையொப்பமிடக் கூடாது என்று அறிவுறுத்துகிறோம். வண்டி ஓட்டத் தகாதவர் துப்பாக்கியை ஏந்தத் தகுமோ?

இன்னொரு நிலையையும் சொல்லாமல் விடலாகாது. தீராத நோய் என்று அறிந்த நாளில் மனம் உடைந்துபோகும் நோயாளிகள் உள்ளனர். அந்த இருள் பெரும்பாலும் விலகக்கூடியது. பேச்சும் மருந்தும் துணையும் அதனை விலக்கும். ஆனால் அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியோ பூச்சிக்கொல்லி மருந்தோ இருக்கக் கூடாது. உடனிருப்போர் இதனைக் கடமையாகக் கொள்ள வேண்டும். நோயாளியிடம் அன்போடு கேளுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்.

சினத்தோடு வரும் ஆயுதம்

இதுவரை, தீய எண்ணம் இன்றி வரும் ஆயுதத்தைப் பற்றிப் பேசினோம். வேறொன்றும் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜனவரி 2 அன்று தூத்துக்குடியில் மயக்கவியல் பெண் மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிகிச்சையின்போது இறந்த கர்ப்பிணியின் கணவர் அந்த வழக்கில் கைதானார். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவர் புறநோயாளிகள் பிரிவில் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியதாகக் கைதானவர், அங்கே சிகிச்சை பெற்றிருந்த பெண்மணியின் மகன். கத்தியை மறைத்தே உள்ளே கொண்டுவந்திருந்தார். மருத்துவர் உயிர் பிழைத்தார்.

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் சட்டம், மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சட்டம் தேவைதான். ஆயினும், தண்டனை பற்றிய அச்சம் மட்டும் இதனைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் எண்ணவில்லை. தாய் வலியில் துடிக்க, எவரும் விளக்கம் சொல்லாமல் வாசலில் நிற்கும் மகனின் நெஞ்சு எப்படிக் கொதிக்கும் என்பதை நாங்கள் அறிவோம். அவசரத்தில் அரைகுறையாகப் பேசிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகரும் தவறு எங்கள் தொழிலில் உண்டு; அதனை மறுக்க மாட்டோம். உங்களுக்குப் புரியும்வரை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்கலாம். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். எழுத்து வடிவில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்தையும் மருத்துவ மன்றத்தையும் அணுகலாம். உடன் வந்த தம்பியோ மைத்துனரோ சினத்தோடு ஏதோ எடுத்து வந்திருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், 'குடும்பத்து மானம் போகுமே' என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள். அவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள், காவலாளியிடம் தெரிவியுங்கள். நீங்கள் காப்பது மருத்துவரை மட்டுமன்று. சிறைக்குப் போகவிருந்த உங்கள் தம்பியையும்தான்.

என்ன செய்ய வேண்டும்?

1. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை எனில், ஆயுதத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். பல நாள் தங்க வேண்டியிருந்தால், அதனைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வழியைக் காவல் நிலையத்தில் கேட்டறியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவது உரிமம் பெற்றோர்க்குப் பழக்கமான ஒன்றே.

2. திடீரென வர நேர்ந்தால், வாசலில் காவலாளியிடமோ, முதலில் காணும் செவிலியரிடமோ தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்: "என்னிடம் ஆயுதம் இருக்கிறது." அதனை வெளியே எடுத்துக் காட்ட வேண்டா, தோட்டாவைக் கழற்றவும் வேண்டா. அடுத்து என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்லும்வரை நின்ற இடத்திலேயே இருங்கள். சொல்லப்பட்டது புரியாவிட்டால் மீண்டும் கேளுங்கள். ரோசெஸ்டர் நிகழ்வை நினைவில் வையுங்கள்.

3. மகனிடமோ ஓட்டுநரிடமோ கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள். உரிமம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதன்று.

4. நோயாளி நினைவின்றி இருந்தால், அவரிடம் ஆயுதம் இருக்கக்கூடும் என்பதை உடனிருப்போர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணில் பட்ட ஆயுதத்தைத் தொடாதீர்கள், பிறரை விலக்கி நிறுத்துங்கள், ஊழியரை அழையுங்கள்.

5. பன்றிக்கு வைக்கும் வெடி, கருமருந்து, தீப்பெட்டி ஆகியவை பையில் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும்.

6. வீட்டில் உரிமம் பெற்ற முதியவருக்கு நினைவுத் தடுமாற்றமோ, பார்வைக் குறைவோ, மனச்சோர்வோ கண்டால், அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள். உரிமதாரர் இறந்துவிட்டாலோ உரிமம் காலாவதியானாலோ, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதத்தைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பரணில் போட்டு மறப்பது குற்றம். பேரக் குழந்தைகளுக்கு ஆபத்து.

7. கைதியை அழைத்து வரும் காவலரும், முக்கியப் பிரமுகரின் மெய்க்காப்பாளரும் ஸ்கேன் அறை ஊழியரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். காந்தத்துக்குப் பதவி தெரியாது.

'உரிமம் இல்லாத துப்பாக்கி எனில் சொல்ல முடியுமா? சிகிச்சை மறுப்பீர்களா?' என்ற கேள்வி எழலாம். நேர்மையாகவே விடை தருகிறோம். சிகிச்சை மறுக்கப்படாது. உயிரைக் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் முதற்கடமை என்றும், காவல்துறை நடைமுறைக்காக அது காத்திருக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டு பர்மானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகக் கூறியுள்ளது. அதேவேளையில், சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதை நாங்கள் மறைக்க இயலாது. இரண்டும் உண்மை. எனினும் வழக்கு ஒன்று வரும் என்பதற்காக உயிரை இழக்க வேண்டியதில்லை.

நினைவில் நிறுத்த

காந்தம் எப்போதும் விழித்திருக்கிறது. பாதுகாப்புப் பூட்டு அதற்குத் தடையன்று. நோயின் போது உடலும் அறிவும் நம் வசம் இல்லாமல் போகலாம். ஆயுதம் வெளியே இருக்க வேண்டும். உண்மை உள்ளே வர வேண்டும்.

ஆண்டாள் கோயில் வாசலில் காலணியைக் கழற்றி வைக்க நம்மில் எவரும் வெட்கப்படுவதில்லை. 'என் காலணி விலையுயர்ந்தது, நான் அணிந்தே வருவேன்' என்று வாதிடுவதும் இல்லை. மருத்துவமனை வாசலிலும் அவ்வாறே இருங்கள். நீங்கள் கொண்டுவந்தது எதுவாயினும், அதைச் சொன்னதற்காக எங்கள் செவிலியரோ மருத்துவரோ உங்களை இழிவாகப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து உண்கிறீர்கள் என்று கேட்பது போலவே இனி இதனையும் கேட்போம். கேட்கும்முன் நீங்களே சொல்லிவிட்டால், எங்கள் வேலை எளிதாகும். உங்கள் உயிர் காக்கப்படும்.